பத்து வயதுப் பையன்களுக்கு இன்சைடு லைன்பேக்கர் பிளிட்ஸ் வேண்டுமா?

பிளேனோ குமார்:
என் மகனின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 4-4 டிஃபென்ஸ் ஆடுகிறது: முன்வரிசையில் நாலு பேர், அவர்களுக்குப் பின்னால் நாலு லைன்பேக்கர்கள். நடுவில் நிற்கும் இரண்டு லைன்பேக்கர்களுக்கும் கோச் பிளிட்ஸ், அதாவது பந்து நகர்ந்ததும் எதிரணி வரிசைக்குள் பாய்வது, சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். நல்ல முடிவு என்பேன். இந்த வயதில் யாரும் அதிகம் பாஸ் எறிவதில்லை. நடுவில் ஓட்டம், இல்லையென்றால் ஓரமாகச் சுற்றி ஓடும் ஸ்வீப். எதிரணி வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கு, பந்தை ஒழுங்காகப் பின்னால் கொடுப்பதே பெரிய வேலை. அவனுக்கும் பக்கத்தில் நிற்கும் கார்டுக்கும் நடுவிலுள்ள ஏ கேப்பில் ஒருவன் பாய்ந்தால், பந்து கைமாறும் முன்பே ஆட்டம் கலைந்துவிடும்.

சிந்து:
அதனால்தான் வேண்டாம் என்கிறேன். நாலைந்து யார்டு தள்ளி நின்று, கார்டு எந்தப் பக்கம் நகர்கிறான் என்று பார்த்துப் போவதுதான் லைன்பேக்கரின் வேலை. பாய்ந்தே பழகியவன் பார்க்கக் கற்பதில்லை. நன்றாகப் பயிற்சி பெற்ற அணி டிராப் (trap, பொறி) ஆடும். வருகிறவனைத் தடுக்காமல் உள்ளே விடுவார்கள், மறுபக்கத்து கார்டு ஓடிவந்து அவனைப் பக்கவாட்டில் தள்ளுவான். அவன் விட்டுவந்த இடத்தில் பந்தோடு ரன்னிங் பேக் தனியாக ஓடுவான்.

பிளேனோ குமார்:
இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பினால் நீங்கள் சொல்வது நடக்கும். ஒருவன் வலப்பக்க ஏ கேப்பில் போகும்போது நம் முன்வரிசையின் நடுவில் நிற்கும் நோஸ் டேக்கிள் இடப்பக்கம் சாய வேண்டும், மற்ற லைன்பேக்கர் நடுவுக்கு நகர வேண்டும். போகிறவன் தோளைச் சாய்த்து ஒல்லியாக நுழைய வேண்டும். கண் பந்தின் மேல் இருக்கட்டும், சென்டரிடம் பந்தை வாங்கும் குவார்டர்பேக்கின் குரலை நம்பவே கூடாது. பந்து நகரும் முன் கோட்டைத் தாண்டினால் 5 யார்டு போச்சு. இன்னொன்று, உள்ளே போனதும் குவார்டர்பேக்கைத் துரத்தாமல் பந்து யாரிடம் என்று தேட வேண்டும். இதுவும் பார்க்கக் கற்பதுதானே?

மாறன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்குப் பயம் தலையைப் பற்றி. பயிற்சியில் 3 யார்டுக்கு மேல் தள்ளி நின்று முழு வேகத்தில் நேருக்கு நேர் மோதக் கூடாது என்று சிறுவர் ஃபுட்பால் அமைப்பான பாப் வார்னர் 2012-லேயே தடை போட்டது. நாலு யார்டு ஓடிவருகிறவன், தலை குனிந்திருக்கும் சென்டர் மேல் மோதினால் என்ன ஆகும்?

பிளேனோ குமார்:
நியாயமான பயம். ஆனால் பிளிட்ஸ் கற்றுக்கொடுக்க மோதல் தேவையில்லை அண்ணா. லைன்மேன்களுக்குப் பதில் குப்பைத் தொட்டிகளை வரிசையாக வையுங்கள், பையன் அவற்றின் நடுவே நுழையட்டும். மோதுவது அவன் நோக்கமே அல்ல, இடைவெளிதான் இலக்கு.

மாறன்:
பயிற்சிக்குச் சரி. மேட்சில் சென்டர் குப்பைத் தொட்டி மாதிரி அசையாமல் நிற்க மாட்டானே.

சிந்து:
குமார், ஒன்று மட்டும் கேட்கிறேன். அடுத்த மேட்சில், பிளிட்ஸ் இல்லாத பிளேயில் அந்தப் பையனின் முதல் அடியைப் பாருங்கள். கார்டு போகும் பக்கம் அவனும் போனால் உங்கள் கோச் சரியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார். நேரே முன்னால் பாய்ந்தால், சீசன் முடியும்வரை பிளிட்ஸை நிறுத்தச் சொல்லுங்கள்.