மதுரைப் பெண் வேடத்துக்கு ‘நல்ல நிறம்’ எதற்கு?

மேலூர்க்காரி:
மதுரைப் பக்கம் எடுக்கப்போகும் படத்துக்குப் புதுமுகம் தேவை என்று வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. பையனுக்குக் ‘கிராமத்து முகம்’ போதுமாம். பெண்ணுக்கு மட்டும் ‘நல்ல நிறம்’ வேண்டுமாம். வேடம் என்ன தெரியுமா? வெயிலில் மல்லி பறிக்கிற பெண்!

தெப்பக்குளத்தான்:
முதலில் ஒரு திருத்தம், அக்கா. மல்லி மொட்டை யாரும் வெயிலில் பறிப்பதில்லை, விடியக்காலையிலேயே போய்விடுவார்கள். அப்புறம், நடிப்பு என்றாலே வேடம்தானே? 1918இல் இதே மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் பால சபை என்ற பையன்கள் நாடகக் குழுவைத் தொடங்கியபோது பெண் வேடமெல்லாம் பையன்கள்தான் கட்டினார்கள். பிரியாமணி பெங்களூரில் பிறந்தவர். பருத்திவீரன் முத்தழகாக நடித்துத் தேசிய விருதே வாங்கினார். உசிலம்பட்டிப் பெண்தான் வேண்டும் என்று அடம்பிடித்திருந்தால் அந்த முத்தழகு நமக்குக் கிடைத்திருப்பாளா?

மேலூர்க்காரி:
மல்லித் திருத்தம் சரி தம்பி. மொட்டு எடுத்து முடித்தபின் களை வெட்ட யார் போகிறார்கள் என்றும் பார்த்துவிட்டு வாருங்கள். பிரியாமணி மேல் எனக்கு வருத்தமே இல்லை. அரிதாரம் ஏன் ஒரு பக்கமாகவே போகிறது என்பதுதான் கேள்வி. சிவப்பான பெண் தோட்டக்காரியாகலாம், கருப்பான பெண்ணுக்குக் கலெக்டர் வேடம் கிடைக்குமா?

நான் ஏழாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் மீனாட்சி கல்யாணம் நாடகம். வசனம் முழுக்க எனக்கு மனப்பாடம். ‘களையா இருக்கா’ என்று அம்மன் வேடத்தை இன்னொருத்திக்குக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டு, பச்சைப் பொடியைக் குழைத்து அவளுக்குக் காதுமடல் வரை அப்பினார்கள். பச்சை அப்பப்போகிற முகம் எந்த நிறமாக இருந்தால் என்ன? நான் பூதகணத்தில் நின்றேன். மை கேட்டதற்கு, ‘உனக்கெதுக்குடி’ என்று சிரித்தார் டீச்சர்.

ஆரப்பாளையம் பெரிசு:
இதற்கெல்லாம் சினிமாவைத் திட்டினால் எப்படி? ரஜினி கருப்பு, நம்மூர் விஜயகாந்த் கருப்பு. தலையில் தூக்கிவைத்து ஆடவில்லையா நாம்?

மாட்டுத்தாவணி மணி:
அண்ணே, ரெண்டு பேருமே ஆண்கள். அந்த ரஜினியையே 2007இல் ‘சிவாஜி’யில் ஒரு பாட்டுக்காகக் கம்ப்யூட்டரில் வெள்ளைக்காரராக்கினார்கள். அதே படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு கருப்புப் பெண்கள் வருவார்கள். அவர்களை வைத்துத்தான் காமெடியே. பாரி மகளிர் பெயர் அது! அப்பாவாக நடித்தவர் நம்மூர்த் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா. அவரைப் பிடிக்கும் என்பதால்தான் இன்னும் உறுத்துகிறது.

தெப்பக்குளத்தான்:
அந்தக் காட்சிக்கு நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிறம் பார்த்து வேடம் கொடு என்று நாமே கேட்டால், கருப்பான பெண்ணுக்குக் கடைசியில் மல்லித் தோட்டம் மட்டும்தான் மிஞ்சும். அது பரவாயில்லையா அக்கா?

மேலூர்க்காரி:
பரவாயில்லை என்று யார் சொன்னது? அந்த விளம்பர எண்ணுக்கு நேற்று ராத்திரியே எழுதினேன்: ‘என் மகளுக்கு 19 வயது, கருப்பு, வசனம் அருமையாகப் பேசுவாள். டாக்டர், வக்கீல் வேடம் எதுவும் இருக்கிறதா?’ நீல டிக் விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.