வீட்டில் அம்மை: தெருமுனை வேம்பில் இலை பறிக்கலாமா?

சைதாப்பேட்டை மருமகள்:
ஏழு வயது மகனுக்குச் சின்னம்மை. மாமியார் வாசலில் வேப்பிலை செருகிவிட்டார். தாளிப்பு கூடாதாம், வந்தவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாதாம். இதெல்லாம் போகட்டும். தெருமுனை வேம்பில் மஞ்சள் துணி கட்டியிருக்கிறது. அதில் இலை பறிக்கலாமா? வேப்பெண்ணெய் ஒரு கரண்டி கொடுக்கவும் சொல்கிறார். அதுதான் உதைக்கிறது.

மயிலாப்பூர்ப் பாட்டி:
துணி கட்டிய மரத்தைத் தொடாதே அம்மா, அது யாருடைய வேண்டுதலோ. வேறு வேம்பில், பொழுது சாய்வதற்குள், கொழுந்தாகப் பார்த்து ஒடி. அரிக்கும்போது கொத்தால் வருடிவிடு, நகம் படாது. பொருக்கு உதிர்ந்ததும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த நீரைத் தலைக்கு ஊற்று. எங்கள் கபாலீசுவரருக்குத் தலமரம் புன்னை. ஆனால் அம்மை என்றால் நாங்கள் ஓடுவது முண்டகக்கண்ணி அம்மனிடம்தான். அவள் கருவறைக்கு இன்றும் கீற்றுக் கூரைதான்.

மருந்துக்கடைக்காரன்:
பாட்டி சொன்னதில் எனக்குச் சண்டையில்லை. வேப்பெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்! சிறு பிள்ளைகள் வயிற்றில் போனால் வாந்தி, வலிப்பு, உயிருக்கே ஆபத்து. காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள். எல்லாப் புண்ணும் பொருக்குத் தட்டும்வரை பள்ளிக்கு அனுப்பாதீர்கள். தாளிப்புக்காக மாமியாரோடு மல்லுக்கட்டாதீர்கள், சில நாள்தானே.

சைதாப்பேட்டை மருமகள்:
எண்ணெய்ப் புட்டியைப் பரணில் ஏற்றிவிட்டேன். மாமியார் இன்னும் தேடுகிறார். பையன் வேப்பங்கொத்தை வாளாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறான், வீடெங்கும் இலை.