பசு மென்றதை விழுங்க முடியாமல் கக்குது – என்ன நோய்? (மேமியோ, பர்மா)

மேமியோ_பால்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். மேமியோவுக்கு மேலே மலைச்சரிவுல எட்டு உருப்படி வச்சிருக்கேன். பெரிய பசுவுக்கு ஒன்பது வயசு, ஆறு ஈத்து. ரெண்டு மாசமா மெலிஞ்சுக்கிட்டே போகுது. புல்லை ஆசையா வாங்குது, மெல்லுது, விழுங்குறப்ப கழுத்தை நீட்டி இருமுது. பாதி மென்ன உருண்டை எச்சிலோட தொட்டியில விழுது. இடப்பக்கம் அடிக்கடி உப்புது. காய்ச்சல் இல்லை. மூணு ஊசி போட்டாச்சு, காசு போனதுதான் மிச்சம். போன வருஷமும் ஒரு கிழப்பசு போச்சு, அது சிவப்பா மூத்திரம் பேஞ்சுது. உண்ணிக் காய்ச்சல்னாங்க.

பெகு_வண்டிக்காரர்:
கோமாரிதான் தம்பி. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவு.

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர்:
கோமாரின்னா காய்ச்சல் அடிச்சு, குளம்பு வெந்து, நாலு நாள்ல தொழுவமே படுத்திருக்கும். ரெண்டு மாசம் இழுக்காது. தம்பி, நீங்க மேய்க்கிற சரிவுல பெரணி இருக்கா? முக்கோணமா விரியுமே, தளிர் நாய்வால் மாதிரி சுருண்டு வருமே, அது. அப்புறம், வாய்க்குள்ள பார்த்தீங்களா? எச்சில் வடிக்கிற மாட்டு வாயில வெறுங்கையை விடாதீங்க. வெறிநோயும் இப்படித்தான் தொடங்கும். உறை போட்டுக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க.

மேமியோ_பால்காரன்:
பார்த்தேன் ஐயா. அண்ணத்துலயும் நாக்கு வேர்லயும் வெள்ளை வெள்ளையா மரு, காலிஃபிளவர் பூவை ஒட்டி வச்ச மாதிரி. உள்ள ஒண்ணு புண்ணாகி நாத்தம் அடிக்குது. பெரணியைக் கேக்கவே வேண்டாம். வெயில் காலத்துல சரிவுக்குத் தீ வைப்போம், கரிக்குள்ள முதல்ல முளைக்கிறதே அதுதான். புல் வர்ற வரைக்கும் மாடு அதைத்தான் கடிக்கும்.

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர்:
அப்ப புற்றுநோய்னு சந்தேகப்படணும். சதை வெட்டிச் சோதிச்சாத்தான் உறுதி. யெசின் கால்நடைப் பல்கலைக்கழகத்துக்கு மாதிரி அனுப்ப வழி இருக்கான்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

அந்த மருவை உண்டாக்குறது மாட்டுப் பாப்பிலோமா வைரஸ், நாலாம் வகை. சாதாரண மாட்டுக்கு வந்தாலும் கொஞ்ச நாள்ல தானா உதிர்ந்துடும். பெரணி தின்ன மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி செத்துப்போகுது, அதனால மரு உதிராம தொண்டை, உணவுக்குழாய், பெருவயிறுன்னு பரவுது. பெரணியில இருக்கிற டாகுயிலோசைடுங்கிற விஷம் உயிரணுவோட மரபுப் பொருளையே கெடுக்குறதால, மரு புற்றா மாறுது. ஸ்காட்லாந்து மலைநாட்டு மாடுகள்ல கிளாஸ்கோ கால்நடை ஆய்வாளர் ஜாரெட்டோட குழு 1978-ல இந்த வைரசும் பெரணியும் சேர்ந்து வேலை செய்றதைச் சொன்னாங்க. பிரேசில், கென்யாவுலயும் இதே கதை. வருஷக்கணக்காத் தின்னாத்தான் வரும், அதனாலதான் உங்க இளங்கன்னுக எல்லாம் நல்லா இருக்கு. உணவுக்குழாயோட அடிவாய் அடைச்சா ஏப்பம் வெளியேறாது, வயிறு உப்பும்.

போன வருஷத்துப் பசுவும் பெரணிக் கணக்குதான்னு எனக்குத் தோணுது, அது மூத்திரப்பைப் புற்று. இனி அப்படி வந்தா மூத்திரத்தைக் கண்ணாடிக் கிளாஸ்ல பிடிச்சு ஒரு மணி நேரம் வைங்க. அடியில ரத்தம் படிஞ்சா மூத்திரப்பையில கோளாறு. அடியில படியாம முழுக்கக் காப்பி நிறமாவே நின்னா உண்ணிக் காய்ச்சலா இருக்கலாம்.

மேமியோ_பால்காரன்:
மருந்து இல்லையா ஐயா? பாலை டீக்கடைக்கு ஊத்தலாமா?

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர்:
மருந்து கிடையாது தம்பி. பட்டினி போட்டுச் சாகவிடாம, டாக்டரை வச்சு முடிச்சுடுறதுதான் அதுக்கு நல்லது. அந்த விஷம் பால்ல இறங்கும், காய்ச்சினா போயிடும்னு நம்பிடாதீங்க. பெரணி மேயுற எந்தப் பசுவோட பாலும் வேண்டாம். மத்த ஏழையும் இன்னைக்கே அந்தச் சரிவுல இருந்து இறக்குங்க. மண்ணுக்கடியில அதோட தண்டு ஓடுது, நீங்க வைக்கிற தீ அதைத் தொடாது, போட்டியா நிக்கிற புல்லைத்தான் அழிக்குது. விரிஞ்சதும் வெட்டுங்க, திரும்ப முளைச்சா திரும்ப வெட்டுங்க, ரெண்டு மூணு வருஷம் விடாம. தீவனம் போடாம வெறும் வயித்தோட மாட்டை அவுக்காதீங்க.

பெகு_வண்டிக்காரர்:
நான் சொன்னதை விட்டுடு தம்பி. ஆமா டாக்டரே, சந்தையில அந்தச் சுருள் தளிரைக் கட்டுக்கட்டா வாங்கித் திங்கிறோமே?

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர்:
அது வேற பெரணியாவும் இருக்கலாம். இதுன்னா சாம்பல் தண்ணியில ஊறவச்சு, கொதிக்கவச்சு, தண்ணியைக் கொட்டினா விஷம் ரொம்பக் குறையும். நான் தொடறதில்லை.

மேமியோ_பால்காரன்:
ஏழையும் கீழே கட்டிட்டேன். ஒரு சந்தேகம், வெட்டின பெரணியைக் காயவச்சு மாட்டுக்குப் படுக்கையாப் போடுறது எங்க வழக்கம்.

ஓய்வுபெற்ற_மாட்டு_டாக்டர்:
காஞ்சாலும் விஷம் முழுசாப் போகாது, மாடு படுக்கையையும் கொறிக்கும். வைக்கோல் போடுங்க.