உதவி: என்ஜிசி 188 கொத்தின் வி12 இரட்டையில் வயது 700 கோடியைத் தாண்டுகிறது, எங்கே தவறுகிறேன்?

துருவக்கண் (கேள்வி)

வணக்கம். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்கிறேன், யாராவது வழி சொல்லுங்கள்.

செபியஸ் மண்டலத்தில் உள்ள என்ஜிசி 188 பழைய விண்மீன் கொத்து. அதில் வி12 என்று ஒரு மறைப்பு இரட்டை, அதாவது சுற்றும்போது ஒன்றையொன்று மறைக்கும் விண்மீன் இணை, சுற்றுக்காலம் 6.5 நாள். இரண்டு விண்மீன்களும் ஏறத்தாழ ஒரே எடை, சூரியனைப் போல 1.10, 1.08 மடங்கு. 2009-இல் வெளியான ஆய்வில் ஆரங்கள் 1.42, 1.37 சூரிய ஆரம் என்று வந்தன. அதிலிருந்து கொத்தின் வயது 620 கோடி ஆண்டு, பிழை 20 கோடி. அதே வழியில் நானும் ஒருமுறை நடந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

மதுரையிலிருந்து இந்தக் கொத்தைப் படம் எடுப்பது வீண் வேலை. துருவத்துக்கு 5 பாகைக்குள் இருப்பதால் இங்கே அது 15 பாகை உயரத்தைக்கூடத் தொடுவதில்லை. அதனால் டெஸ் விண்கலத்தின் 30 நிமிட முழுச்சட்டப் படங்களை எடுத்துக்கொண்டேன். ஆரத்திசைவேகங்களை (விண்மீன்கள் நம்மை நோக்கியும் விலகியும் நகரும் வேகங்களை) வெளியான அட்டவணையிலிருந்து எடுத்தேன்.

நேரத்தோடு ஒளி மாறும் வளைகோட்டுக்கு மாதிரியைப் பொருத்தினால் ஆரங்கள் 1.56, 1.44 என்று வருகின்றன. சுற்றுத்தளத்தின் சாய்வுக்கோணம் 86.6 பாகை (90 என்றால் நேர் பக்கவாட்டுப் பார்வை). வயது முதல் விண்மீனுக்கு 740 கோடி, இரண்டாவதற்கு 700 கோடி. ஒன்றாகப் பிறந்த இரண்டுக்கும் வேறு வேறு வயது! நிறைகள் மட்டும் வெளியான எண்ணோடு ஒத்துப்போகின்றன. வளைகோடு பார்வைக்கு அழகாகப் பொருந்துகிறது, எச்சங்களில் (அளவீட்டுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தில்) எந்த அலையும் இல்லை. அதுதான் என்னை இன்னும் குழப்புகிறது.

தொடுவானம்

முதலில் ஒரு சந்தேகம். மெல்ல ஏறி இறங்கும் போக்கை நீக்க வளைகோட்டைத் தட்டையாக்கினீர்களா? மறைப்புப் பகுதிகளை மூடி வைத்துவிட்டுச் செய்தீர்களா, அப்படியேவா? 6.5 நாள் சுற்றில் இந்த மறைப்பு ஏறத்தாழ 7 மணி நேரம் நீடிக்கும். அரை நாள் சன்னல் வைத்தால் தட்டையாக்கும் நிரல் மறைப்பையே போக்கு என்று நினைத்து ஆழத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

துருவக்கண்

மூடி வைத்துத்தான் செய்தேன். மறைப்புக்கு இரு பக்கமும் 5 மணி நேரம் விட்டு நேர்கோடு போட்டேன். ஆழம் 28 சதவீதம். பழைய தரைவழி அளவீடுகளில் இதைவிட நன்றாக ஆழமாகத் தெரிகிறது. டெஸ் சிவப்பு நிறத்தில் பார்ப்பதால் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் ஒளி

தம்பி, அதை விட்டிருக்கக் கூடாது. உங்கள் கேள்விக்கான விடை அந்த 28-இல்தான் இருக்கிறது. இரண்டு விண்மீன்களின் வெப்பநிலையும் கிட்டத்தட்ட ஒன்று. நிறம் மாறினால் ஆழம் அவ்வளவு மாறாது.

டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானில் 21 வில்விநாடி (பாகையை 3600-ஆகப் பிரித்த கோண அளவு). கெப்லர் விண்கலத்துக்கு அது வெறும் 4 வில்விநாடி. ஒளியைக் கூட்டி அளக்க மூன்றுக்கு மூன்று பிக்சல் துளை வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதாவது பக்கத்துக்கு 63 வில்விநாடி. கொத்தின் நடுவில் அந்தச் சதுரத்துக்குள் வி12 மட்டுமா இருக்கும்? பக்கத்து விண்மீன்களின் ஒளியும் சேர்ந்து விழுகிறது. பாலில் தண்ணீர் ஊற்றின மாதிரி மறைப்பு நீர்த்துப்போகிறது. 42 சதவீத ஆழமுள்ள மறைப்பில் மூன்றில் ஒரு பங்கு வெளி ஒளி கலந்தால் 28 ஆகத்தான் தெரியும்.

அது ஏன் வயதைக் கூட்டுகிறது என்று பாருங்கள், இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்த இடம். வெளி ஒளி இருப்பது நிரலுக்குத் தெரியாது. ஆழம் குறைவாக இருக்கிறதே என்று அது சாய்வுக்கோணத்தைக் குறைக்கிறது, ஒன்றின் மேல் ஒன்று ஓரமாக உரசிப் போவதுபோல. ஆனால் ஓரமாகப் போனால் மறைப்பு சீக்கிரம் முடிய வேண்டும். உங்கள் தரவில் அது 7 மணி நேரம் நீடிக்கிறது. அந்த நேரத்தை ஈடுகட்ட இரண்டு விண்மீன்களையும் ஊதிப் பெரிதாக்குகிறது. ஆழமும் பொருந்திவிடும், நேரமும் பொருந்திவிடும். எச்சம் சுத்தமாக இருப்பதன் காரணம் அதுதான், பொருத்தம் சரி என்பதற்கு அது சாட்சி இல்லை. இந்த எடையுள்ள விண்மீன் மையத்து ஹைட்ரஜன் தீரத் தீர வீங்கிக்கொண்டே போகும். ஆரம் பெரிதென்றால் வயது அதிகம் என்றுதான் மாதிரி வளைகோடு சொல்லும்.

நிறை ஏன் தப்பித்தது என்றால், வேகங்களிலிருந்து வருவது நிறையை சைன் கோணத்தின் மும்மடியால் பெருக்கின எண். 86.6 பாகையிலும் அந்த மும்மடி 0.99-க்கு மேல்தான். கோணம் 2 பாகை தப்பினாலும் நிறை அரை சதவீதம்தான் நகரும்.

கையா விண்கலத்தின் விண்மீன் அட்டவணையில் வி12-ஐச் சுற்றி ஒன்றரைக் கலை (90 வில்விநாடி) வட்டத்தில் உள்ள எல்லா விண்மீன்களையும் எடுங்கள். அதன் சிவப்புப் பட்டை டெஸ்ஸின் பட்டைக்கு நெருக்கமானது, அந்தப் பொலிவை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் ஒளியிலும் எவ்வளவு உங்கள் துளைக்குள் சிந்தும் என்று கணக்கிட்டு, அந்த மொத்தத்தை நிரலுக்கு மூன்றாம் ஒளியாக (இரட்டைக்கு வெளியே இருந்து வரும் ஒளியாக) கொடுங்கள். தளர்வாக விட வேண்டாம், பகுதி மறைப்பில் மூன்றாம் ஒளியும் கோணமும் ஒன்றையொன்று ஈடுகட்டி ஆடும். அப்புறம், ஆயத்தத் தரவில் நெரிசல் திருத்தம் (பக்கத்து ஒளியைக் கழிப்பது) ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தால் மறுபடி செய்துவிடாதீர்கள். முழுச்சட்டப் படத்தில் நீங்களே துளை வைத்திருப்பதால் உங்களுக்குத் திருத்தம் தேவை.

தொடுவானம்

ஒன்று சேர்க்கிறேன். 30 நிமிடத் திறப்பு என்றால் ஒவ்வொரு புள்ளியும் அரை மணி நேரச் சராசரி. மாதிரியையும் அதேபோல் அரை மணி நேரத்துக்குச் சராசரி எடுக்கச் சொல்லுங்கள். மறைப்பு இரட்டைகளைப் பொருத்தும் ஜேகேடி-ஈபாப், ஃபீபி நிரல்கள் இரண்டிலும் அதற்கு வசதி உண்டு. இல்லாவிட்டால் மறைப்பின் தொடக்கமும் முடிவும் மழுங்கி, அதுவும் ஆரத்தைக் கூட்டும். 2020 ஜூலைக்குப் பிந்தைய படங்கள் கிடைத்தால் அவை 10 நிமிடம், 2022 செப்டம்பருக்குப் பிந்தையவை 200 விநாடி.

துருவக்கண்

இரண்டு நாள் உட்கார்ந்து செய்தேன். மூன்றுக்கு மூன்று துளைதான், நீங்கள் சொன்னது சரி. மூன்றாம் ஒளி மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக வந்தது. அதைக் கொடுத்து, சராசரியும் எடுத்ததும் கோணம் 88.5-க்கு ஏறியது. ஆரங்களின் கூட்டுத்தொகை 3.00-லிருந்து 2.81-க்கு இறங்கியது! வெளியான கூட்டுத்தொகை ஏறத்தாழ 2.80.

ஆனால் தனித்தனியாக 1.49, 1.32. வயது ஒன்றுக்கு 680 கோடி, மற்றதற்கு 560. கூட்டினால் சரி, பிரித்தால் தப்பு. இது என்ன?

நிறமாலை அக்கா

இது வேறு நோய், இதற்கு மருந்து வளைகோட்டில் இல்லை. கிட்டத்தட்ட ஒரே அளவுள்ள இரண்டு விண்மீன்கள் பகுதியாக மறைத்துக்கொண்டால், வளைகோடு கூட்டுத்தொகையை உறுதியாகச் சொல்லும், விகிதத்தைச் சொல்லாது. ஒன்றைச் சற்றுப் பெரிதாக்கி மற்றதைச் சிறிதாக்கினால் படம் மாறவே மாறாது. நீங்கள் 1.49, 1.32 என்று பார்ப்பது இரைச்சல் தள்ளிவிட்ட இடம்.

என்ஜிசி 6791 என்ற வேறொரு கொத்தில் உள்ள வி20 இரட்டைக்கு இந்தத் தொல்லை இல்லை. 14.5 நாள் சுற்றில் சிறியது பெரியதன் பின்னால் முழுதாக மறைந்துவிடுகிறது, அடிமட்டம் தட்டையாக இருக்கும், விகிதம் தானாக வந்துவிடும். அந்தக் கொத்தின் மறைப்பு இரட்டைகளை வைத்துத்தான் 830 கோடி ஆண்டு என்ற வயதை எட்டினார்கள். வி12-க்கு அந்த வாய்ப்பு இல்லை.

நிறமாலையில் இரண்டு விண்மீன்களின் கோடுகளும் தனித்தனியாகப் பிரிந்து தெரியும் கட்டத்தில், கோடுகளின் வலிமையை ஒப்பிட்டால் ஒளி விகிதம் கிடைக்கும். அது ஆர விகிதத்தின் இருமடியோடு நேரே பிணைந்தது. வெளியான ஆய்வில் வேகங்கள் இருக்கும் இடத்திலேயே தேடுங்கள். அதை அதன் பிழையோடு நிபந்தனையாகக் கொடுங்கள். நிறமாலை பச்சைப் பகுதியில், டெஸ் சிவப்பில் என்று கவலைப்பட வேண்டாம், வெப்பநிலைகள் ஒத்திருப்பதால் வித்தியாசம் மிகச் சிறியது.

துருவக்கண்

அக்கா, வந்துவிட்டது. 1.43, 1.38. இரண்டு விண்மீன்களும் 630 கோடியைச் சுற்றி நிற்கின்றன. முதன்முறையாக இரண்டு புள்ளிகளும் ஒரே வயதுக் கோட்டின் மேல் உட்கார்ந்ததைப் பார்த்தபோது கை நடுங்கியது. 600 கோடி ஆண்டுக்கும் முன்பு ஒரே மேகத்தில் பிறந்த இரண்டும் இன்னும் ஒன்றையொன்று 6.5 நாளுக்கு ஒருமுறை சுற்றிக்கொண்டிருக்கின்றன.

பிழை எவ்வளவு என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. நிறையை 1 சதவீதம் கூட்டிப் பார்த்தேன், வயது 20 கோடிக்கும் மேல் இறங்குகிறது. ஆரத்தைவிட நிறைதான் ஆட்டுகிறது போலிருக்கிறது.

மூன்றாம் ஒளி

ஆமாம், இந்த எடையில் வாழ்நாள் நிறையின் மும்மடியை ஒட்டித் தலைகீழாகப் போகும். அதனால்தான் அந்த ஆய்வில் நிறையை 0.6 சதவீதத்துக்குள் கொண்டுவரப் பாடுபட்டார்கள். கொத்தின் உலோக அளவையும் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்களின் பங்கையும்) சற்று மேலும் கீழும் நகர்த்தி ஓட்டுங்கள், அந்த ஆட்டமும் பிழைக்குள் சேர வேண்டும். மூன்றாம் ஒளியை நீங்கள் ஒரே எண்ணாக நிறுத்தியிருக்கிறீர்கள், அதையும் 3 சதவீதம் முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள். துளையைச் சற்றுச் சிறிதாக்கி, இரண்டுக்கு இரண்டு பிக்சலில் எடுத்தாலும் இதே ஆரம் வருகிறதா என்பதுதான் நான் முதலில் பார்ப்பது.

துருவக்கண்

இரண்டுக்கு இரண்டு துளையை இன்றிரவே ஓட்டுகிறேன். முடிந்ததும் இரண்டு வளைகோட்டையும் அருகருகே போடுகிறேன்.