500 சிசி டூ ஸ்ட்ரோக் காலம்: எந்த சீசனில் ஆரம்பிக்கலாம்?

நெடுஞ்சாலை45 (கேள்வி)

மூன்று நான்கு வருஷமாக மோட்டோஜிபி (உலக பைக் ரேஸ் சாம்பியன்ஷிப்) விடாமல் பார்க்கிறேன். மார்க் மார்கெஸ், பன்யாயா, மார்ட்டின் எல்லோரையும் பிடிக்கும். ஆனால் எந்த ரேஸைப் பற்றிப் பேச்சு வந்தாலும் பழைய ரசிகர் யாராவது ஒருத்தர் வந்து, வெய்ன் ரெய்னியும் கெவின் ஷ்வான்ட்ஸும் ஓட்டியதுதான் ரேஸ், 500 சிசி டூ ஸ்ட்ரோக் இன்ஜின் வண்டிகள் ஓடிய காலம்தான் பொற்காலம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். இன்றைய வண்டி 350 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுகிறது. அந்த வண்டிகளில் அப்படி என்னதான் இருந்தது? வெறும் ஏக்கமா, இல்லை நிஜமாகவே ரேஸ் வேறு மாதிரி இருந்ததா? பார்ப்பதென்றால் எந்த வருஷத்திலிருந்து பார்க்கலாம்?

ஆர்டி_ராஜா

வேகம் என்று பார்த்தால் இன்றைய வண்டிதான், அதில் சண்டையே இல்லை. வித்தியாசம் ஓட்டுபவரின் வலது கையில் இருந்தது.

ராஜ்தூத் ஆர்டி350 ஓட்டியவர்களுக்கு இது தெரியும், ஆர்பிஎம் குறைவாக இருக்கும்வரை சாதுவாக இருக்கும், ஓர் அளவைத் தாண்டியதும் சட்டென்று இழுக்கும். அதையே நான்கு சிலிண்டர், 130 கிலோவை ஒட்டிய எடை, 170 குதிரைத்திறனுக்கு மேல் என்று வைத்து நினைத்துப் பாருங்கள். டிராக்‌ஷன் கன்ட்ரோல் (பின் டயர் வழுக்கினால் பவரைத் தானாகக் குறைக்கும் மின்னணு வசதி) கிடையாது. வளைவில் சாய்ந்தபடி திராட்டிலை (ஆக்சிலரேட்டரை) திறக்கும்போது பவர் மொத்தமாக வந்து பின் டயர் வழுக்க ஆரம்பிக்கும். பயந்துபோய் திராட்டிலை மூடினால் இன்னும் மோசம். வழுக்கிக்கொண்டிருந்த டயர் திடீரென்று தரையைப் பிடிக்கும், வண்டி வெடுக்கென்று நிமிர்ந்து ஆளைத் தலைக்கு மேலே தூக்கி எறியும். ஹைசைட் என்பது இதுதான். அந்தக் காலத்து வீரர்களின் கணுக்கால், மணிக்கட்டு, தோள் எலும்பெல்லாம் போனது பெரும்பாலும் இதில்தான்.

அப்புறம் இன்னொரு விஷயம். 1983 முதல் 1998 வரை 500 சிசி சாம்பியன் எல்லோருமே அமெரிக்கர் அல்லது ஆஸ்திரேலியர். ஸ்பென்சர், லாசன், கார்ட்னர், ரெய்னி, ஷ்வான்ட்ஸ், டூஹன், வேறு யாரும் இல்லை. அவர்களில் பாதிப்பேருக்கு மேல் சின்ன வயதில் மண் தடத்தில் ஓட்டி வளர்ந்தவர்கள். பின் சக்கரத்தை வழுக்கவிட்டு திராட்டிலாலேயே வண்டியைத் திருப்புவது அவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அதை முதலில் ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய் 1978, 79, 80 என்று மூன்று வருஷம் வரிசையாக ஜெயித்துக் காட்டியவர் கென்னி ராபர்ட்ஸ்.

சோழவரம்_பழசு

எனக்கு 1983தான். வயதான சிங்கம் ராபர்ட்ஸ் யமஹாவில், 21 வயது ஃப்ரெடி ஸ்பென்சர் ஹோண்டாவில். யமஹாவுக்கு நான்கு சிலிண்டர், பவர் அதிகம். ஹோண்டாவுக்கு மூன்றுதான், ஆனால் லேசான வண்டி, வளைவில் சொன்னபடி திரும்பும். மொத்தம் 12 ரேஸ், ஆளுக்கு ஆறு ஜெயித்தார்கள், மூன்றாமவருக்கு ஒன்றுகூட விடவில்லை. கடைசியில் ஸ்பென்சருக்கு 144 புள்ளி, ராபர்ட்ஸுக்கு 142.

சுவீடனில் ஆண்டர்ஸ்டார்ப் என்று ஒரு ட்ராக், அதன் நீளமான நேர்ப்பாதையே விமான ஓடுதளம்தான் (சென்னைப் பக்கம் நம்ம சோழவரம் ரேஸ் ட்ராக்கும் போர்க்கால விமான ஓடுதளம்தானே). அங்கே கடைசி லேப்பில் ஸ்பென்சர் உள்பக்கமாக மூக்கை நுழைத்தார், இரண்டு பேரும் பிரேக்கைக் கடைசி நொடிவரை தொடாமல் போய் ட்ராக்கை விட்டே வெளியேறினார்கள். முதலில் ட்ராக்குக்குத் திரும்பியவர் ஸ்பென்சர், ஜெயித்ததும் அவர்தான். அந்த ஒரு வளைவு வேறு மாதிரி முடிந்திருந்தால் அந்த வருஷத்து சாம்பியனே மாறியிருப்பார். ராபர்ட்ஸ் அந்த சீசனோடு ஓய்வு பெற்றுவிட்டார்.

பின்சக்கரம்

எல்லாம் சரி, ஆனால் பொற்காலம் என்று சொல்லும்போது ஆஸ்திரேலியர் மிக் டூஹனின் உடைந்த காலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1992இல் முதல் ஏழு ரேஸில் ஐந்தை ஜெயித்து, ரெய்னியைவிட 65 புள்ளி முன்னிலையில் நெதர்லாந்தின் ஆசென் ட்ராக்குக்குப் போனார். பயிற்சியில் விழுந்து கால் உடைந்தது, அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரத்த ஓட்டம் நின்று காலையே எடுக்கும் நிலைமை. இத்தாலிய டாக்டர் கோஸ்டா அவரைக் கூட்டிப்போய், நல்ல காலிலிருந்து ரத்தம் போகட்டும் என்று இரண்டு கால்களையும் சேர்த்துத் தைத்தார். சில வாரத்தில் அந்த மனுஷன் திரும்பி வந்து கடைசி இரண்டு ரேஸ் ஓட்டி, நான்கே புள்ளியில் ரெய்னியிடம் பட்டத்தை இழந்தார். வலது கால் முன்போல வேலை செய்யாததால் பின் பிரேக்கைக் கட்டைவிரலால் பிடிக்கும்படி மாற்றிக்கொண்டு 1994 முதல் ஐந்து வருஷம் தொடர்ந்து சாம்பியன். அவரை எனக்கு உயிர். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும், 1997இல் 15 ரேஸில் 12 அவரே ஜெயித்தார், யார் முதலில் வருவார் என்ற கேள்வியே இல்லாமல் போனது. அந்தக் காலத்து ரேஸ் எல்லாமே விறுவிறுப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஆர்டி_ராஜா

அது நியாயம். 1988 முதல் 1993 வரை என்று சுருக்கிக்கொள்ளலாம். ஷ்வான்ட்ஸ், ரெய்னி பகை அமெரிக்க சூப்பர்பைக்கிலேயே தொடங்கியது. ரெய்னி யோசித்து ஓட்டுவார், ஷ்வான்ட்ஸ் மனசு சொன்னபடி ஓட்டுவார். 1991இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹெய்ம் ரேஸின் கடைசி லேப்பைப் பாருங்கள், ஷ்வான்ட்ஸ் அவ்வளவு தாமதமாகப் பிரேக் பிடிக்கிறார், பின்பக்கம் ஆடித் தள்ளாடுகிறது, அப்படியே ரெய்னியைத் தாண்டி வளைவுக்குள் போய்விடுகிறார். இன்றைக்கும் பார்க்கும்போது நான் சோபாவின் நுனிக்கு வந்துவிடுவேன்.

1993 செப்டம்பரில் இத்தாலியின் மிசானோவில் முன்னிலையில் இருந்தபோது ரெய்னி விழுந்தார், முதுகுத்தண்டு போய் நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. பட்டம் ஷ்வான்ட்ஸுக்குப் போனது, ஆனால் துரத்த ஆள் இல்லாமல் அவருக்கும் பழைய வேகம் இல்லை, 1995இல் நிறுத்திக்கொண்டார். 2022இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் ரெய்னி தன் பழைய யமஹாவைக் கையாலேயே இயக்கும்படி மாற்றி ஓட்டினார், அதையும் தவறவிடாதீர்கள்.

நெடுஞ்சாலை45

அப்படியென்றால் 1989இல் ஜப்பானின் சுசூக்கா ரேஸிலிருந்து வரிசையாகத் தொடங்குகிறேன், 1983ஐ அப்புறம் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

சோழவரம்_பழசு

சுசூக்காவிலிருந்தே தொடங்குங்கள் தம்பி, லேப்புக்கு லேப் ரெய்னியும் ஷ்வான்ட்ஸும் மாறி மாறித் தாண்டிக்கொள்வார்கள். சத்தத்தைக் கூட்டி வையுங்கள். 1992இல் ஹோண்டா நான்கு சிலிண்டரையும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வெடிக்க வைத்ததும் கீச்சென்று இருந்த அந்தச் சத்தம் கனமாக மாறிவிடும், வருஷ வரிசையில் பார்த்தால் உங்களுக்கே காதில் தெரியும்.