தொடக்கநிலை மனச்சிதைவு நோய்க்கு மாத்திரையா, மாத ஊசியா?

பாலாற்றங்கரை:
மனச்சிதைவு தெரிந்தவுடனே மாத ஊசிதான் என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்வதைப் பார்த்து எரிச்சலுடன் எழுதுகிறேன். ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும், நோய் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன 511 பேரை 19 மாதங்கள் கவனித்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது. எக்காரணத்தாலாவது சிகிச்சையைக் கைவிட்டவர்களைக் கணக்கெடுத்தபோது, ஊசிக்கும் மாத்திரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

கோட்டைவாசி:
அந்த ஒருவன் அடியேன்தான். ஒற்றை ஆய்வைப் படித்துவிட்டுத் தீர்ப்பெழுதும் தங்கள் துணிச்சலை மெச்சுகிறேன். 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், 39 மையங்களில் 489 பேர் பங்கேற்றனர். மாதம் ஒருமுறை அரிபிப்ரசோல் ஊசியை ஊக்குவித்த மையங்களில், முதன்முறை மருத்துவமனையில் சேரும் வீதம் மற்ற மையங்களைவிட 44 விழுக்காடு குறைந்தது. வேலூரில் ஒருவரை வார்டில் சேர்த்தால் உடன் தாயோ அண்ணனோ தங்க வேண்டியிருக்கிறது, அவர்களுடைய கூலியும் போகிறது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த 44-இன் அருமை புரியும்.

பாலாற்றங்கரை:
அந்த 44-க்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? அதே ஊசியை விற்பவர்கள்.

கோட்டைவாசி:
தாங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் 511 பேர் ஆய்வுக்கும் அதே நிறுவனங்கள்தான் பணம் கொடுத்தன. அங்கே இனித்த பணம் இங்கே மட்டும் கசக்கிறதோ? 44 என்றால் 44தான்.

குடியாத்தம் வாசகி:
சிகிச்சையை விடுவதும் வார்டில் சேர்வதும் ஒன்றா என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. என் தம்பிக்குப் பழைய ஃப்ளூஃபெனசின் ஊசி போட்டபோது கைகால் விறைத்துப் போயிற்று. மாத்திரையென்றால் நிறுத்திவிடலாம், உடலுக்குள் போன ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க முடியுமா?

கோட்டைவாசி:
அம்மா, தங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஃப்ளூஃபெனசினைக் காட்டிப் பாலிபெரிடோன் போன்ற புதிய ஊசிகளைப் பழிப்பது முறையன்று. பாலிபெரிடோனை முதல் நாளும் எட்டாம் நாளும் போட்டு, அதன்பின் மாதம் ஒன்றாகத் தொடர்கிறார்கள். அதற்கும் முன்பே மாத்திரையாகக் கொடுத்து உடல் ஏற்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸில் முதல் தாக்கம் கண்ட 86 பேரிடம் ரிஸ்பெரிடோனை ஊசியாகவும் மாத்திரையாகவும் ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள்: நோய் திரும்பியது ஊசியில் 5 விழுக்காடு, மாத்திரையில் 33 விழுக்காடு. கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரையைக் கொல்லைப்புறத்தில் துப்பிவிட்டு வரும் பிள்ளையை எந்தத் தாயால் நாள்தோறும் காவல் காக்க முடியும்?

காட்பாடி மருந்தாளுநர்:
86 பேரை வைத்து மாவட்டத்துக்கே மருந்தெழுதுகிறார் ஐயா. புதிய ஊசி ஒன்றின் விலைக்குப் பல மாத மாத்திரை வாங்கலாம் என்பதைக் கடையில் நிற்பவன் அறிவான். மேலும், 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, முடிவெடுக்கும் திறனுள்ள நோயாளியின் சம்மதம் வேண்டும். தாய்க்கு வசதி என்பதற்காக ஊசி போட இயலாது.

கோட்டைவாசி:
சம்மதம் வேண்டாமென்று எந்த வரியில் எழுதினேன்? சர்க்கரை நோய் விவாதத்தில் தங்களை மறுத்த நாள் முதலாக, நான் எழுதாததற்கே பதில் எழுதி வருகிறீர்கள். விலையைப் பேசுபவர் வார்டுச் செலவையும் கூட்டிச் சொல்லட்டும். 44-க்கு இதுவரை எவரும் பதில் சொல்லவில்லை.

பாலாற்றங்கரை:
511-க்குத் தாங்களும்தான் சொல்லவில்லை.

குடியாத்தம் வாசகி:
நான் கேட்டதற்கும்தான்.