புலமைப்பரிசில் கட்டுரையில் ஆசிரியரின் கை எதுவரை போகலாம்?

கேள்வி: படுவான்கரை ஆங்கில ஆசிரியை

வணக்கம். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்புகளுக்குப் பொது ஆங்கிலம் கற்பிக்கிறேன். எங்கள் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போவதற்குத் தங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கப்படும் இசட் புள்ளி வந்ததும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலைப் பார்த்துக் கற்கைநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்பி அனுப்பினால் அவர்களுடைய வேலை முடிந்துவிடும். இந்த வருடம் மூன்று மாணவிகள் அமெரிக்காவுக்கும் பிரித்தானியாவுக்கும் நிதி உதவி கேட்டு விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்லித் தங்கள் கட்டுரைகளை என்னிடம் கொண்டு வந்தார்கள்.

மூன்றுமே "சிறு வயது முதல் ஏழைகளுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பதே என் கனவு" என்ற பொருளில்தான் தொடங்கின. அவற்றில் ஒன்று, பணம் கொடுத்து ஒரு தனியார் நிலையத்தில் எழுதுவிக்கப்பட்டது என்று பின்னர் அறிந்தேன். இன்னொன்று சுனாமியில் தொடங்கியது; அதை எழுதிய பிள்ளை பிறந்ததோ 2008 இல். மூன்றாவதை நானே இரண்டு இரவுகள் இருந்து திருத்தினேன். திருத்தி முடித்தபோது அதில் ஒரு பிழையும் இருக்கவில்லை. மாணவி அதை வாசித்துவிட்டு, "நல்லா இருக்கு மிஸ். ஆனா நான் இப்படிக் கதைக்க மாட்டேனே" என்று மெதுவாகச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

ஆசிரியர் எந்த இடத்தில் கையை எடுக்க வேண்டும்? முதலில் தமிழில் எழுதச் சொல்வது நல்லதா? வறுமையையும் இழப்பையும் எழுதினால்தான் உதவி கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அதற்கு நான் என்ன சொல்வது?

பதில் 1: கல்முனை, ஓய்வுபெற்ற ஆசிரியர்

டீச்சர், அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வசனத்திலேயே உங்கள் முதலாவது கேள்விக்கு விடை இருக்கிறது. வசனத்தை நீங்கள் எழுதத் தொடங்கிய இடத்தில் கட்டுரை அவளுடைய கையை விட்டுப் போய்விட்டது. நானும் பல வருடங்கள் அதே பிழையைச் செய்தவன். இப்போது ஓரத்தில் கேள்வி மட்டும்தான் எழுதுகிறேன்: "அப்போது உன் கை என்ன செய்துகொண்டிருந்தது?", "இதை யார் சொன்னார்?", "இது எத்தனை நாள் நடந்தது?" இலக்கணப் பிழைக்கு அடியில் கோடு போடுவேன், சரியான வடிவத்தைப் பிள்ளைதான் கண்டுபிடிக்க வேண்டும்.

பேனாவை எடுப்பதற்கு முன்பு ஒரு மணித்தியாலம் கதைக்க விடுங்கள். சாகாமப் பக்கத்து மாணவன் ஒருவன் கிரிக்கெட் அணித் தலைவனாக இருந்ததைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, நினைவில் நிற்கவும் எதுவும் இல்லை. "போன சனிக்கிழமை காலையில் எழும்பியதிலிருந்து என்ன செய்தாய்?" என்று கேட்டேன். அவனுடைய தகப்பன் வட்டை விதானை, அதாவது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவதைக் கவனிப்பவர். சிறுபோகத்தில் தண்ணீர் குறையும்போது எந்த வயலுக்கு எந்த இரவு திறந்துவிடுவது என்று ஒரு கொப்பியில் முறை எழுதி வைப்பது இவனுடைய வேலையாம். கடைசி மடைக்காரர் இரண்டு பேர் சண்டைக்கு வந்த பிறகு, கால்வாயில் தண்ணீர் கசியும் நேரத்தையும் கணக்கில் சேர்த்து அந்த முறையை மாற்றியிருக்கிறான். நீர்ப்பாசனப் பொறியியல் படிக்க விரும்புகிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "அது வீட்டு வேலைதானே சேர், அதையெல்லாம் எழுதலாமா?" என்று அவன் கேட்டதை என்னால் மறக்க முடியாது. எங்கள் பிள்ளைகள் பாடசாலை மேடையில் சான்றிதழ் வாங்கிய விடயங்களை மட்டுமே சாதனை என்று எண்ணப் பழகியிருக்கிறார்கள்.

தமிழில் முழுக் கட்டுரை எழுதி மொழிபெயர்ப்பதை நான் விரும்புவதில்லை. சாதாரண தரத் தமிழ்ப் பாடத்துக்குப் பழகிய முன்னுரையும், இடையில் ஒரு குறளும், "எனவே நாம் அனைவரும்" என்று தொடங்கும் முடிவுரையும் அப்படியே கூடவே வந்துவிடும். தமிழில் பேச விட்டுத் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பிள்ளை அதைத் திரும்பக் கேட்டு, உண்மையில் நடந்தவற்றை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு அந்தக் குறிப்புகளிலிருந்து நேரே ஆங்கிலத்தில் சிறு சிறு வசனங்களாக எழுதட்டும்.

பதில் 2: ஏறாவூர், தற்போது வெளிநாட்டில் இளமாணிப் பட்டம் படிப்பவர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இரண்டு நாடுகளுக்கும் ஒரே கட்டுரை உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல ஏற்கும் கொமன் அப்ளிகேஷனில் கட்டுரை 250 முதல் 650 சொற்களுக்குள் இருக்க வேண்டும். அங்கே கேட்கப்படுவது ஆளைப் பற்றி. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான விண்ணப்பங்களை ஏற்கும் யூகாஸ் கேட்பது பாடத்தைப் பற்றி. 2026 அனுமதியிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: இந்தக் கற்கைநெறியை ஏன் விரும்புகிறீர்கள், படிப்பு உங்களை எவ்வாறு தயார்செய்தது, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள். இடைவெளிகளோடு சேர்த்து மொத்தம் 4000 எழுத்துகள், ஒவ்வொரு விடையும் குறைந்தது 350 எழுத்துகள்.

பணம் கொடுத்து எழுதுவித்த பிள்ளையிடம் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். யூகாஸ் தனக்கு வரும் ஒவ்வொரு கட்டுரையையும் முன்னர் வந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. 2007 இல் வெளியான ஆய்வொன்றில், எட்டு வயதில் இரசாயனப் பரிசோதனை செய்து இரவு உடையில் ஓட்டை விழுந்ததாக ஒரே கதையை 234 பேர் எழுதியிருந்தது பிடிபட்டது.

கல்முனை சேர் சொன்ன வீட்டு வேலைக்கு விண்ணப்பத்திலேயே இடம் இருக்கிறது. கொமன் அப்ளிகேஷனில் பத்துச் செயற்பாடுகள் வரை குறிப்பிடலாம். அவற்றுள் குடும்பப் பொறுப்பும் கூலி வேலையும் தனி வகைகளாகவே உள்ளன. விவரணைக்கு 150 எழுத்துகள்தான் என்பதால் எண்ணிக்கையோடு எழுத வேண்டும். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டே படித்த பிள்ளை இந்தப் பகுதியை வெறுமையாக விட்டு அனுப்புவது எனக்கு மிகவும் வேதனையான விடயம். நானும் முதல் தடவை அப்படித்தான் அனுப்பினேன்.

2024 இலும் 2025 இலும் உயர்தரப் பரீட்சை நவம்பரில் தொடங்கியது. அமெரிக்காவின் வழமையான முடிவுத் திகதிகளோ பெரும்பாலும் ஜனவரித் தொடக்கத்தில் வருகின்றன. ஆகவே ஓகஸ்ட்டுக்குள் கட்டுரை ஒரு வடிவத்துக்கு வந்துவிட வேண்டும். இசட் புள்ளி என்றால் என்ன, ஊரில் என்னென்ன வசதிகள் உண்டு என்பதையெல்லாம் பிள்ளை கட்டுரைக்குள் விளக்கத் தேவையில்லை. அது பாடசாலை அனுப்பும் கடிதத்தின் வேலை, அதை அதிபரிடம் நேரத்தோடு கேளுங்கள். கொழும்பில் புல்பிரைட் ஆணைக்குழுவிலுள்ள எடியுகேஷன் யூஎஸ்ஏ என்ற அமெரிக்க உயர்கல்வி வழிகாட்டல் சேவையின் ஆலோசகர்களையும் நாடலாம்.

பதில் 3: வாகரை, ஒரு தாய்

நான் ஆசிரியை அல்ல. சுனாமியைப் பற்றிய கேள்விக்கு மட்டும் என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 இல் என் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தேன். பிறகு பிறந்த மகள், தான் காணாத அக்காவைப் பற்றி விண்ணப்பத்தில் எழுதி என்னிடம் காட்டினாள். நான் கோபிக்கவில்லை. ஆனால் அதில் நான் எப்படி அழுதேன் என்று இருந்ததே தவிர, அவளைப் பற்றி ஒன்றும் இல்லை. "மகள், இது என்னுடைய கதை. உன்னுடையதை எழுது" என்று சொன்னேன். சில நாட்களுக்குப் பிறகு, கடலுக்குப் போக நான் அனுமதிக்காததால் ஊர்ப் பிள்ளைகளெல்லாம் நீந்த, தான் மட்டும் நீந்தத் தெரியாமல் வளர்ந்ததையும், பதினாறு வயதில் என்னிடம் கேட்டு அனுமதி வாங்கிக் களப்பில் பழகியதையும் எழுதினாள். அதை வாசித்தபோதுதான் அந்த வருடங்கள் அவளுக்கு எப்படி இருந்தன என்று எனக்கே தெரிந்தது.

பெற்றோரின் துயரத்தை எழுதுவதென்றால் அவர்களிடம் கேட்டுவிட்டு எழுதச் சொல்லுங்கள். எழுத விரும்பாத பிள்ளையிடம் எவரும் அதைக் கேட்டு வாங்க வேண்டாம். வீட்டு வருமானம் எவ்வளவு என்று காட்டுவதற்கு நிதி உதவிப் படிவம் தனியே இருக்கிறதுதானே.

மீண்டும்: படுவான்கரை ஆங்கில ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் திருத்திய பிரதியைக் கிழித்துவிட்டேன். அந்த மாணவியோடு நேற்று மாமர நிழலில் இருந்து கதைத்தேன். அவள் கணிதம் படிக்க விரும்புகிறவள். வாராவாரம் தவணை கட்டும் கிழமைக் கடன் எடுத்த அயல் பெண்களின் கடன் புத்தகங்களை வாங்கி, உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறார்கள் என்று இரண்டு வருடங்களாகக் கணக்குப் பார்த்துக் கொடுத்து வருகிறாள் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். அவள் கொண்டு வந்த முதற் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

இன்று காலை ஆங்கிலத்தில் ஒரு பந்தி எழுதிக்கொண்டு வந்தாள். "செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் ஒழுங்கையில் எவரும் கதவைத் திறப்பதில்லை" என்று அது தொடங்குகிறது. அந்த வசனத்தில் காலம் பிழைத்திருக்கிறது. அடியில் ஒரு கோடு மட்டும் போட்டு, ஓரத்தில் "உங்கள் வீட்டுக் கதவு?" என்று எழுதாமல் விட மனமில்லாமல் எழுதி, கொப்பியை அவளிடம் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.